கடைசி அத்தியாயத்தைத் தைத்துவிட்டேன்

இலஞ்சி
15.9.2024

அன்புப் பேத்தி வேல்விழிக்கு ஆச்சி மூக்கம்மாள் எழுதுவது.

அன்று அருவிக்கு வந்தவர்கள்: நான். உன் அப்பன் பாண்டித்துரை. நீ. உன் மாப்பிள்ளை மாரிச்செல்வம். உங்கள் மகன் ஆதவன், மூன்று வயது முடிந்து வாயெல்லாம் பேச்சு. உன் தங்கை முத்துசெல்வி. அவளுக்குப் பேசி வைத்திருக்கும் உன் கொழுந்தன் சுடலைமுத்து. உன் மாமியார் முப்பிடாதியம்மாள். வேன் ஓட்டி வந்த சங்கரபாண்டி. அவன் வேனை விட்டே இறங்கவில்லை, சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட்டான். லாட்ஜ் மாடியில் ஆம்பளைகளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட பெலிக்ஸ். அவர் கூலியை வாங்கிக்கொண்டு அங்கிருந்தே போய்விட்டார். ஆடி பிறந்து வந்த முதல் சனிக்கிழமை. நல்ல சாரல். போதுமா?

கார்டில் ஒரே ஒரு வரி எழுதி, அன்றைக்கு யார் யார் இருந்தோம் என்று ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாய். யாரிடம் கேட்கிறாய்? என் கல்யாணப் பந்தியில் எனக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் தாண்டிப் போன சிவனணைந்தபெருமாளை நான் இன்னும் மறக்கவில்லை. அவர் செத்து, அவர் மகனுக்கும் நரை தட்டிவிட்டது.

ஆதவனுக்குப் புருவத்துத் தையல் பிரித்தாயிற்று, தோள் எலும்பும் கூடிவிட்டது. இன்னும் எதற்கு அவனைப் பாவூர்சத்திரத்தில் உன் மாமியாரிடம் விட்டு வைத்திருக்கிறாய்? உனக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். உன் அப்பனிடம் கேட்டால் வாயைச் சரியாகத் திறக்காமல் ஏதோ முணுமுணுக்கிறான். காது போன கிழவிக்கு எதிரில் நிற்பவன் வாயைப் பார்த்தால்தானே பேச்சு. அவன் சோறு தின்னும்போதே பேசிவிட்டு எழுந்து போய்விடுகிறான்.

நீ அனுப்பிய புத்தகமும் வந்தது. அட்டையில் ஒரு பொம்பளை, முகம் இருக்க வேண்டிய இடத்தில் கதவு. டிவியும் போனும் எனக்கு ஊமை. கதைப் புத்தகம்தான் துணை. படித்துவிட்டு எழுதுகிறேன். உன் தலைவலி எப்படி இருக்கிறது? வேளாவேளைக்குச் சாப்பிடு.

ஆச்சி

*

ஓசூர்
29.9.2024

அன்புள்ள ஆச்சிக்கு,

நான் நலம். முட்டிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? செல்வி தேய்த்துவிடுகிறாளா, இல்லை போனோடு திரிகிறாளா?

இனிமேல் உறையில் எழுதியிருக்கும் முகவரிக்குப் போடுங்கள். அது பக்கத்து வீட்டு ஹம்னாவுடையது. கடையநல்லூர்ப் பெண், நல்ல மாதிரி. எங்கள் வீட்டுத் தபாலை ஆதவன் அப்பாதான் முதலில் எடுக்கிறார். போனும் அவரிடம்தான் இருக்கிறது. நான் எங்கேயாவது வைத்துவிட்டு மறந்துவிடுகிறேனாம்.

உண்மைதான் ஆச்சி. நான் மறதிக்காரி ஆகிவிட்டேன். கேஸை அணைத்தேன் என்று நினைப்பேன், அணைத்திருக்க மாட்டேன். அவர் வந்து பார்த்துத்தான் சொல்வார். டாக்டர் கொடுத்த மாத்திரையில் பகலெல்லாம் தூக்கம். இப்படிப்பட்டவளிடம் பிள்ளையை எப்படி விடுவது? மார்கழி பிறக்கும் முன்னால் வக்கீல் ஒரு பத்திரம் தயார் செய்கிறார். ஆதவன் அவரிடமும் அத்தையிடமும் வளர எனக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் மாதம் ஒருமுறை பார்க்கலாம்.

அந்தப் புத்தகத்தை ஆச்சி கட்டாயம் படிக்க வேண்டும். எனக்கு நாலு பக்கம் தாண்டினால் முன்னே படித்தது மறந்துவிடுகிறது. கதை சொல்கிறவள் சொல்வது நிஜமா இல்லையா, அது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

வேல்விழி

*

இலஞ்சி
14.10.2024

அன்புப் பேத்திக்கு,

நான் நலம். முட்டி வலி என்னோடுதான் போகும். செல்வி தைலம் தேய்க்கிறாள், ஒரு கையில் போனோடு.

கையெழுத்துப் பேச்சை எடுக்காதே. வயிற்றில் சுமந்தவள் பிள்ளையைப் பார்க்க மாதம் ஒரு நாள் முறை வாங்க வேண்டுமா? இதெல்லாம் உன் அப்பனுக்குத் தெரியுமா? கேட்டால் தலையை ஆட்டுகிறான். ஆமாம் என்றும் இல்லை என்றும் ஒரே மாதிரி ஆட்டுகிறான்.

புத்தகம் பாதி முடிந்தது. அஞ்சாம் கிளாஸ் படித்தவள் விரல் வைத்துப் படிக்க நேரமாகிறது. தேயிலைத் தோட்டத்துப் பங்களா. புருஷனும் பெண்டாட்டியும். பின்னால் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குள் பிள்ளையின் கொலுசுச் சத்தம் கேட்கிறது என்கிறாள் அவள். நமக்குப் பிள்ளையே இல்லையே என்கிறான் அவன். எனக்கு உச்சி மயிர் நட்டுக்கொண்டது. காது கேட்காதவளுக்கும் அந்தக் கொலுசு கேட்டது, பார்த்துக்கொள்.

முதலில் எழுதினவன் மேல் கோபம் வந்தது. கொடியில் பச்சைச் சட்டை காய்கிறது என்று எழுதி, அடுத்த அத்தியாயத்தில் அதையே மஞ்சள் என்கிறான். கண்ணாடி கிழக்குச் சுவரில் இருந்தது, பிறகு மேற்கே இருக்கிறது. ‘எழுதினதை இவனே படிக்க மாட்டானா’ என்று வைதேன். செல்வி என் முன்னால் வந்து நின்று, “ஆச்சி, அது அப்படித்தான் எழுதுவாவ. அவ பொய் சொல்லுதாளா நெசஞ் சொல்லுதாளான்னு நாமதான் கண்டுபிடிக்கணும்” என்றாள். அப்படியா சங்கதி என்று முதலிலிருந்து மறுபடியும் படித்தேன்.

வேலு, கேள். நிறம் மாறும் இடத்துக்கெல்லாம் முந்தின பக்கத்தைத் திருப்பிப் பார். அவள் புருஷன் ஒரு தம்ளர் பால் கொண்டுவந்து கொடுக்கிறான். குடிக்கும்வரை அவள் சொல்லுவது ஒன்றுக்கொன்று பொருந்துகிறது. குடித்த பிறகு பொருந்தவில்லை. அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு யாரோ பொய்யை ஊட்டுகிறார்கள்.

உனக்கு மாத்திரையை எடுத்துக் கையில் கொடுப்பது யார்? அதை மட்டும் எழுது.

ஆச்சி

*

ஓசூர்
2.11.2024

அன்புள்ள ஆச்சிக்கு,

தீபாவளிக்கு என்ன செய்தீர்கள்? முட்டியோடு அடுப்படியில் நிற்காதீர்கள். ஆதவனைக் கூட்டி வருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். நான் அவனுக்குச் சட்டை எடுத்து வைத்தேன். பிறகு, அவன் என்னைப் பார்த்தால் பயப்படுகிறான் என்று அத்தை சொன்னதாகச் சொல்லி விட்டுவிட்டார்.

ஆச்சி கடைசி அத்தியாயத்தை இன்னும் படிக்கவில்லை. அதைப் படித்தால் அந்தப் பெண்ணுக்கு இப்படிப் பரிந்து பேச மாட்டீர்கள். அதை அவள் சொல்லவில்லை, அவள் புருஷன் சொல்கிறான். அவர்களுக்குப் பிள்ளை இருந்தது. அவள்தான் தொட்டியில் போட்டாள். போட்டது அவளுக்கே ஞாபகம் இல்லை. பிள்ளையே இல்லை என்று அவன் சொன்னது அவளைக் காப்பாற்றத்தான். பால் தூங்க வைக்கத்தான். நான் அந்த அத்தியாயத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். பொய் சொல்கிறவளுக்குப் பயமில்லை ஆச்சி. தான் சொல்வது பொய் என்றே தெரியாதவளுக்குத்தான் பயம்.

ஏனென்றால் நானும் அப்படித்தான். அன்று ஆதவன் விரல்கள் என் கையிலிருந்து நழுவினது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு தண்ணீர். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. நீதான் விட்டாய், எல்லோரும் பார்த்தோம் என்றார் அவர். அத்தையும் பார்த்தாராம். அப்பாவிடம் கேட்டேன். அவர், “ஆமாம்மா, போகட்டும் விடு” என்றார்.

அதனால்தான் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். நான் விட்டதைப் பார்க்காத ஒருவராவது அந்தக் கூட்டத்தில் இருந்தாரா என்று தெரிந்துகொள்ளத்தான்.

மாத்திரையை அவர்தான் கொடுப்பார்.

வேல்விழி

*

இலஞ்சி
8.11.2024

ஏட்டி வேலு,

நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. அவசரத்தில் எழுத்துக் கோணலாக இருந்தால் கூட்டிப் படி.

நான் பார்த்தேன். முட்டி வலிக்காரி தண்ணீருக்குள் இறங்கவில்லை, எதிரே படியில் உட்கார்ந்திருந்தேன். அங்கேயிருந்து பொம்பளைகள் பக்கமும் தெரியும், நடுக்கம்பியும் தெரியும், ஆம்பளைகள் பக்கமும் தெரியும். அருவி இரைச்சலில் மற்றவர்கள் எல்லோரும் செவிடு. எனக்கு அது தினப்படி. கண்ணை மட்டும் வைத்துப் பார்க்கப் பழகினவள் நான் ஒருத்திதான் அங்கே இருந்தேன்.

முதலில் நீதான் ஆதவனை வைத்திருந்தாய். தண்ணீர் மேலே விழுந்ததும் அவன் வீறிட்டான். நீ கம்பிப் பக்கம் வந்து, மேலாகத் தூக்கி அவன் அப்பனிடம் கொடுத்தாய். மாரிச்செல்வம் வாங்கினான். பிள்ளை உன் கையை விடாமல் பிடித்தான், நீ ஒவ்வொரு விரலாகப் பிரித்துக் கொடுத்தாய். உனக்கு ஞாபகம் இருக்கும் விரல் அதுதான். விட்ட விரல் இல்லை, கொடுத்த விரல். நீ மறுபடி அருவிக்குள் போய்க் கண்ணை மூடிக்கொண்டாய்.

அவன் பிள்ளையோடு அருவிக்குள் நுழைந்தான். கழுத்திலிருந்து கால் வரை பெலிக்ஸ் தேய்த்த எண்ணெய். அருவியில் எண்ணெயோடு குளிக்கக் கூடாது என்று போர்டு வைத்திருக்கிறார்கள், சும்மாவா வைத்தார்கள்? பிள்ளை ஒரு மீன் மாதிரி அவன் கையை விட்டுப் போனான். பாறையில் விழுந்தான். உன் அப்பன்தான் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டுவந்து என் மடியில் போட்டான். உன் மாமியார் கூவினதைப் பார்த்து நீ அதற்குப் பிறகுதான் வெளியே வந்தாய். ரத்தத்தைப் பார்த்ததும் விழுந்தாய்.

நீ நம்பாமல் போவாய் என்று இன்னொன்றும் சொல்லுகிறேன். பொம்பளைகளுக்கு எண்ணெய் செவ்வாய், வெள்ளி. ஆம்பளைகளுக்குப் புதன், சனி. அன்று சனிக்கிழமை. உன் உடம்பிலும் எண்ணெய் இல்லை, உன் மாமியார் உடம்பிலும் இல்லை. என் மடியில் கிடந்த பிள்ளையின் முதுகிலும் அக்குளிலும் மூலிகை எண்ணெய் வழிந்தது. என் சேலையில் ரத்தத்தோடு அந்த எண்ணெயும் ஊறியது. பிள்ளை ரத்தம் பட்ட சேலையைத் துவைக்க மனசு வராமல் அப்படியே மடித்து வைத்திருக்கிறேன்.

மாரிச்செல்வம் அப்போது உன் அப்பனிடம் சொன்னதையும் பார்த்தேன். “மாமா, எங்கையில இருந்து வழுக்கிட்டான்.” உன் அப்பன் அவன் தோளில் கை வைத்து, “சத்தம் போடாதீங்க மாப்ள” என்றான். அழுகிறவனுக்கு ஆறுதல் சொல்லுகிறான் என்று நினைத்தேன். யார் கையிலும் வழுக்கும், அருவி அது, என்று நானும் விட்டுவிட்டேன். இதை யாரும் உன் தலையில் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. என் முன்னால் யாரும் பேசவே இல்லையே!

அது ஆறுதல் இல்லை, வாயடைப்பு என்று இப்போதுதான் விளங்குகிறது.

பதில் எழுது. உடனே எழுது.

ஆச்சி

*

ஓசூர்
20.11.2024

மரியாதைக்குரிய பாட்டி அவர்களுக்கு,

நான் இங்கே நலமாக இருக்கிறேன். என் கணவர் என்னை அன்பாகக் கவனித்துக்கொள்கிறார். நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. வயதானவர்களுக்குப் பார்வை மங்குவதும், நடந்தது ஒன்று நினைப்பது ஒன்றாக இருப்பதும் இயல்பு. என் தவறை நான் முழு மனதோடு ஏற்றுக்கொண்டேன். திருக்கார்த்திகை முடிந்து வரும் திங்கள்கிழமை வக்கீல் அலுவலகத்தில் கையெழுத்திட இருக்கிறேன். பயமுறுத்தும் கதைகள் படித்துத்தான் என் மனம் குழம்பியது என்று டாக்டரும் சொல்கிறார். எனவே இனிப் புத்தகமோ கடிதமோ அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
மா. வேல்விழி

*

இலஞ்சி
27.11.2024

கடையநல்லூர்ப் பிள்ளை ஹம்னாவுக்கு, இலஞ்சி மூக்கம்மாள் எழுதுவது.

நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். உன்னை நான் பார்த்ததில்லை. ஆனால் நாலு மைலுக்கு ஒரு தரம் பேச்சு மாறினாலும், கடையநல்லூர்க்காரிக்கு நான் சொல்லுவது புரியும்.

வேல்விழியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கையெழுத்து அவளுடையது. பேச்சு அவளுடையது இல்லை. அவள் பிறந்தது முதல் என்னை ஆச்சி என்றுதான் கூப்பிடுவாள். அதைவிட, முட்டியைப் பற்றிக் கேட்காமல் அவள் கடிதம் எழுதினதில்லை. பள்ளிக்கூடத்து லீவு லெட்டர் மாதிரி ஒன்றை யாரோ சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாள். அவள் அனுப்பிய புத்தகத்திலும் இப்படித்தான். கடைசி அத்தியாயத்தை வேறொருத்தன் சொல்லுகிறான், படிக்கிறவர்கள் எல்லோரும் அவனை நம்பிவிடுகிறார்கள். ஏன் நம்ப வேண்டும்? கடைசியில் பேசினான் என்பதற்காகவா?

இதோடு ஒரு துணித் துண்டு வைத்திருக்கிறேன். என் சேலையில் வெட்டினது. நீ அவளிடம் ஒன்றும் விளக்க வேண்டாம். அவள் புருஷன் வேலைக்குப் போன பிறகு போய், இதை அவள் கையில் கொடுத்து, “மோந்து பாரு, ஆச்சி சொன்னா” என்று மட்டும் சொல். எண்ணெய் சிக்குப் பிடித்து இன்னும் நாறுகிறது. மாத்திரை தின்றாலும் மூக்கு மறக்காது.

உனக்குப் புண்ணியமாகப் போகும்.

மூக்கம்மாள்

*

ஓசூர்
3.12.2024

ஆச்சிக்கு ஹம்னா எழுதுவது. நாங்கள் நல்லா இருக்கோம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னபடியே கொடுத்தேன். முதலில் சிரித்தாள். பிறகு மோந்தாள். பிறகு அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தத் துணியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். மாற்றி மாற்றிப் பார்த்தாள். “கம்பிக்கு மேலே கொடுத்தேன்க்கா. அவர் கை அப்பவே வழவழன்னு இருந்துச்சு. பாத்துப் புடிங்கன்னு சொன்னேன். அருவியில அவருக்குக் கேக்கல” என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

உங்கள் முந்தைய கடிதத்தை அவள் தலையணைக்குள் வைத்திருந்தாளாம், மாரிச்செல்வம் அண்ணன் எடுத்துவிட்டாராம். அந்த லீவு லெட்டர் அவர் சொல்லச் சொல்ல எழுதினதுதான். இப்போது மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்திருந்து துப்பிவிடுகிறாள். நேற்று அடுப்பை அணைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் பார்த்தேன், அணைந்திருந்தது. சாயந்திரம் அண்ணன் வந்து, கேஸ் திறந்து கிடந்தது என்று சத்தம் போட்டது சுவர் வழியாக எனக்குக் கேட்டது.

அவளைத் தனியாக வெளியே விடமாட்டார் ஆச்சி. திங்கள்கிழமைக்கு முன்னால் உங்கள் பக்கத்திலிருந்து யாராவது வர வேண்டும். தாமதிக்காதீர்கள்.

ஹம்னா

*

இலஞ்சி
8.12.2024

என் வேலுக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை, உன் தங்கை செல்வி கையில் வருகிறது. அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஹம்னா கடிதம் வந்த மறுநாளே பாவூர்சத்திரம் போனேன். மார்க்கெட்டுப் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கித் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே புகுந்து போவதற்குள் முட்டி கழன்றுவிட்டது. ஆதவன் என்னைப் பார்த்ததும், “காது ஆச்சி!” என்று ஓடிவந்தான். புருவத்தில் தழும்பு மட்டும்தான், மற்றபடி நன்றாக இருக்கிறான். என் வாய்க்கு நேராக முகத்தை வைத்து, “அம்மா எங்க?” என்று கேட்டான். பயப்படுகிற பிள்ளை கேட்கிற கேள்வியா அது?

உன் மாமியார் உள்ளி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“வாங்கத்த. என்ன திடீர்னு?”

“ஏளா முப்பிடாதி, அன்னைக்கு அருவில பிள்ள யாரு கையில இருந்து விழுந்துச்சு?”

“அதெல்லாம் முடிஞ்ச கத. இப்பம் எதுக்குக் கிண்டுதிய?” என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“திருப்பாத. திருப்புனா எனக்கு வெளங்காதுன்னு தெரிஞ்சுதான திருப்புத? இந்தா பாரு, எம் மொகத்தப் பாத்துச் சொல்லு.”

அவள் திரும்பினாள். உள்ளி உரித்த கண்ணா, அழுத கண்ணா தெரியவில்லை. “நான் என்ன செய்யட்டும்? போலீசு கேசாயிரும்னு பயந்தாம்லா. எம் மவன நான் ஜெயிலுக்கு அனுப்பணுங்கியளா?”

“ஜெயிலுன்னு யாருளா சொன்னா? கை வழுக்குனது குத்தமில்ல. வழுக்குன கையத் தொடைக்க எம் பேத்திதான் கந்தத் துணியா?”

அவள் அடுத்த உள்ளியை எடுத்தாள். நான் கிளம்பும்போது ஆதவன் கையில் ஒரு பொட்டலம் கடலை கொடுத்து, “காது ஆச்சிக்கு டாட்டா சொல்லு” என்றாள். கடலையை எனக்கும் கொடுத்தாள். வாங்கவில்லை.

மத்தியானம் உன் அப்பன் பாண்டித்துரை சாப்பிட வந்தான். தட்டை வைத்தேன், சோறு வைக்கவில்லை. எதிரே உட்கார்ந்தேன்.

“ஏலே, மாப்ள உங்கிட்ட என்னலே சொன்னாரு?”

“எப்பம்மா?”

“ஆடிச் சனிக்கெழம. பிள்ள எம் மடியில கெடக்கும்போது.”

தட்டைப் பார்த்தான். “ஒனக்குத்தான் காது கேக்காதே.”

“கண்ணு அவியலயே.”

தலையை நிமிர்த்தினான். “செல்விக்கு அந்த வீட்டுலதானம்மா பேசியிருக்கு. தையில கல்யாணம். நான் வாயத் தொறந்தா அது ஒடைஞ்சு போவும். ஒருத்தி பேரு கெட்டாலும் ஒருத்தியாவது வாழட்டும்னு…”

அவன் என்னைத்தான் பார்த்துப் பேசினான். அவன் முதுகுக்குப் பின்னால் ரசச் சட்டியோடு செல்வி நின்றதை அவன் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்தும் அவனை நிறுத்தவில்லை.

செல்வி முன்னால் வந்து சட்டியைக் கீழே வைத்தாள். “எப்பா, எனக்காவா?” என்றாள். அவன் எழுந்தான். நிச்சயத்துக்குப் போட்ட மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்ற வேண்டும் என்று போன வாரம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தாள், அவ்வளவு இறுக்கம். ஒரே இழுப்பில் கழற்றி அந்தக் காலித் தட்டில் போட்டாள். விரல் தோல் உரிந்துவிட்டது. வந்ததும் நீ பார்ப்பாய்.

சுடலைமுத்து நல்ல பையன்தான், அவன் பங்கை அவனே வந்து பேசட்டும். அது வேறு கதை. இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். செல்வியைக் கூட்டிக்கொண்டு அதே வக்கீலிடம் போ. கையெழுத்துப் போடாதே. துணியைக் கூடவே கொண்டு போ.

நீ சொன்னதையெல்லாம் நான் நம்பினேன், நீ உன் மேலேயே பழி சொன்ன அந்த ஒன்றைத் தவிர.

ஆச்சி

*

ஓசூர்
25.1.2025

அன்புள்ள ஆச்சிக்கு,

உங்கள் முட்டி எப்படி இருக்கிறது? இங்கே பனி. ஆதவன் சுகம். இதை எழுதும்போது என் மடியில் உட்கார்ந்து பேனாவைப் பிடுங்குகிறான். மேலே இருக்கும் கிறுக்கல் அவனுடையது.

செல்வி ஊருக்குத் திரும்பி, பாதிக் கதையை உங்களுக்கு வாயசைத்துக் காட்டியிருப்பாள். நான் என் கையாலேயே எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். அன்று வக்கீல் முன்னால் அந்தத் துணியை மேசையில் வைத்தேன். “நீங்களே மோந்து சொல்லுங்க, இது யார் உடம்பு எண்ணெய்” என்று ஆதவன் அப்பாவைக் கேட்டேன். அவர் தொடவே இல்லை. “இதெல்லாம் ஒரு சாட்சியா?” என்று வக்கீலைப் பார்த்துச் சிரித்தார். வக்கீல் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, அம்மாவுக்குச் சம்மதம் இல்லாமல் நான் இதைத் தொட மாட்டேன் என்றார். அங்கிருந்தே மூன்று பேரும் பாவூர்சத்திரம் பஸ் ஏறினோம், நான், செல்வி, ஹம்னா. அத்தை வாசலில் நின்றார். தடுக்கவில்லை. ஆதவனுடைய சட்டையெல்லாம் மடித்துப் பையில் வைத்திருந்தார்.

இப்போது ஹம்னாவின் கூடப்பிறந்த அண்ணன் வீட்டு மாடியில் ஒரு அறை. நான் முன்னே வேலை பார்த்த கம்பெனியிலேயே மறுபடியும் வேலை. மாத்திரை இல்லை, மறதியும் இல்லை. மிச்சம் கோர்ட்டில்.

ஆச்சி, போன வாரம் அப்பா வந்திருந்தார். வாசலிலேயே நின்று அழுதார். ஆதவன் போய் அவர் வேட்டியைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தான், பிறகு அவர் மடியிலேயே தூங்கினான். நீங்கள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாமே. பேசினால் கண்ணை மூடிக்கொள்கிறீர்களாம். நான் மன்னித்துவிட்டேன் ஆச்சி. நீங்களும் மன்னித்துவிடுங்கள். எனக்காக.

அந்தப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தைப் படித்தீர்களா?

வேல்விழி

*

இலஞ்சி
5.2.2025

என் வேலுக்கும், கிறுக்கல் அனுப்பிய ஆதவனுக்கும் ஆச்சியின் ஆசீர்வாதம்.

முட்டி அப்படியேதான் இருக்கிறது, நீ கேட்டதில் பாதி குறைந்தது. பிள்ளைக்குத் தலையில் பனி இறங்காமல் துணி கட்டு.

கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறான். படிக்கும்போது எனக்கே ஒரு நிமிஷம் அந்தப் புருஷன் சொல்லுவது சரியோ என்று தோன்றியது. அதுதான் பயம். பிறகு கவனித்தேன். பிள்ளைக்குக் கொலுசே போட்டதில்லை என்று ஓரிடத்தில் சொல்லுகிறான். நாலு பக்கம் தள்ளி, தொட்டியிலிருந்து கொலுசை எடுத்தேன் என்கிறான். அவளுக்கு மாறினால் பைத்தியம், அவனுக்கு மாறினால் மறதியா? சாக்குத் தைக்கிற ஊசியும் சணல் நூலும் எடுத்து, அந்த அத்தியாயம் முழுவதையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். புத்தகத்தைச் செல்வியிடம் கொடுத்து அனுப்புகிறேன். இனி அது அவள் சொல்லுகிற இடத்தோடு முடியும். பிரித்துப் படிக்காதே.

மன்னிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாய். நீ கேட்டுவிட்டாய் என்று ராத்திரியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். அப்பளம் வைக்காத சிவனணைந்தபெருமாளை மன்னித்துவிட்டேன். பந்தியில் கை மறந்திருக்கும். முப்பிடாதியை மன்னித்துவிட்டேன். அவள் பெற்ற மகனுக்காகப் பொய் சொன்னாள், பெற்றவள் புத்தி அப்படித்தான் போகும். துணிமணியை மடித்து வைத்தாள் என்றாயே, அதற்காகவும். மாரிச்செல்வத்தை நான் மன்னிக்கவும் இல்லை, மன்னிக்காமலும் இல்லை. அவன் யாரோ பெற்ற பிள்ளை, அவனைக் கோர்ட்டு பார்த்துக்கொள்ளும்.

நான் பெற்றது ஒன்றே ஒன்று. அது பெற்ற பிள்ளைக்கு எதிராக வாயை மூடிக்கொண்டது. பேச வாயிருந்தும், கேட்கக் காதிருந்தும், இரண்டும் இல்லாத மாதிரி என் வீட்டிலேயே உட்கார்ந்து சோறு தின்றது. இப்போதும் வேளாவேளைக்கு வருகிறது. சோறு வைக்கிறேன், குழம்பு ஊற்றுகிறேன், அப்பளமும் வைக்கிறேன். அதில் ஒரு குறையும் வைக்க மாட்டேன். நீ மன்னித்துவிட்டாய், அது உன் நல்ல மனசு. எனக்கு அந்த மனசு இல்லை.

ஆதவன் பெரியவனாகி, காது ஆச்சி யாரையாவது மன்னிக்காமல் போனாளா என்று கேட்டால், ஒளிக்காமல் இந்தப் பெயரைச் சொல்.

பாண்டித்துரை.